கடுகுக்குப் போட்ட மெத்தை

கம்பளி சூடு கொடுக்காது. ஐஸ்பெட்டி என்று எல்லோரும் கூப்பிடும் மனிதர் இதைக் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். கம்பளி என்ன அடுப்பா, சூடு கொடுக்க? நம் உடம்பின் சூடு ஓடிப்போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதையும் கம்பளி செய்வதில்லை. இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அசைய வழியில்லாமல் நிற்கிறதே காற்று, அதுதான் செய்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் காற்று வெளியேறிவிடும். அப்புறம் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்வதைவிடச் சும்மா கிடப்பது மேல். ஈரக் கம்பளி உடம்புச் சூட்டை உறிஞ்சிக் குடிக்கும்.

இவ்வளவும் தெரிந்த மனிதர், ஜன்னலோரம் நாற்காலியில் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்தபடி உட்கார்ந்து, வீட்டுக்குப் பின்னால் தன் சகலை நாய்ப்பெட்டிக்குள் இன்னொரு கம்பளியைத் திணிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அவருடைய தொழில் குளிர். பழ மண்டியிலும் மீன் கிடங்கிலும் இருக்கும் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பவர். எதற்கும் அசையாத முகத்துக்காக வேலையிடத்தில் வைத்த பெயர்தான் ஐஸ்பெட்டி. ஆனால் வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற பேச்சு வந்துவிட்டால் பெட்டியின் மூடி திறந்துகொள்ளும். ஒரு கல்யாண வீட்டில், தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே ஏன் வியர்க்கிறது என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பிடித்து வைத்து விளக்கி, அந்த மனிதர் பந்தியைத் தவறவிட்ட கதை குடும்பத்தில் பிரசித்தம்.

அப்படிப்பட்டவருடைய வயிற்றுச் சுவரே ஒருநாள் ஓட்டை விட்டது. கிடங்கில் ஒரு கம்ப்ரசரைத் தனியாளாகத் தூக்கப் போய்க் குடல் இறங்கிவிட்டது. டாக்டர் அறுத்து, உள்ளே வலை வைத்துத் தைத்து அனுப்பினார். அந்த வலையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்கு அடுத்த நோயாளியே வந்துவிட்டார்.

"கொசுவலை மாதிரியா டாக்டர்?"

"அதைவிட மெல்லிசு. உங்க சதை அந்தக் கண்ணுக்குள்ள வளர்ந்து இறுக்கிப் பிடிச்சுக்கும். அது வரைக்கும் நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். தண்ணி நிரப்பின கெட்டிலைவிடக் கனமா எதையும் தூக்கக்கூடாது. குனியக்கூடாது. இருமல் வந்தா, சிரிப்பு வந்தா தலையணையை வயித்தோட அழுத்திப் பிடிச்சுக்கங்க. வீட்ல நாய் இருக்கா? மேல தாவுமா?"

"தாவுறதுக்குன்னே பொறந்தது," என்றாள் மனைவி.

கடுகு வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. பெயரும் அந்த அளவைப் பார்த்து வைத்ததுதான். இப்போது பின்னங்காலில் எழுந்து நின்றால் முன்னங்கால்கள் அவர் மார்பில் இருக்கும். சாயங்காலம் அவருடைய வேனின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வாசலுக்கு ஓடும். அவர் இறங்கியதும் முழு உடம்பையும் தூக்கி அவர் வயிற்றின் மேல் போடும். போதாக்குறைக்குக் கதவுக் கைப்பிடியை அழுத்தித் திறக்கவும் கற்று வைத்திருந்தது. இரண்டு அறை வீட்டில் அந்த நாயையும் அந்தத் தையலையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது. மனைவியின் தங்கைக்கு நாய் முடி பட்டாலே தும்மல் நிற்காது. அதனால் அங்கேயும் விட முடியாது. வலை பிடிக்கும் வரை கடுகு வெளியேதான் என்று முடிவாயிற்று.

வெளியே என்றால் நல்ல குளிர்காலம். குழாய்க்குத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். நாயின் தண்ணீர்ச் சட்டியில் விடியும்போது கண்ணாடி மாதிரி ஒரு தகடு நிற்கும். கம்ப்ரசர் வந்த மரப்பெட்டி ஒன்று வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. குளிர் வருவதற்குள் அதை நாய்க்கு வீடாக்கிவிட வேண்டும் என்று ஐஸ்பெட்டி நினைத்திருந்தார். குளிருக்கு முன்னால் ஆபரேஷன் வந்துவிட்டது. மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதனால் நாயைப் பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை புருஷன் வந்தான். சகலை.

சகலை மெத்தைக் கடை வைத்திருந்தான். ஆளும் மெத்தை மாதிரிதான்; யார் வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ளலாம். மாமனார் வீட்டில் ஐஸ்பெட்டிதான் மூத்த மருமகன். ஆனால் சகலை உள்ளே நுழைந்தால் மாமனார் எழுந்து நிற்பார். ஐஸ்பெட்டி நுழைந்தால், "ஃப்ரிட்ஜ் ஒரு மாதிரி சத்தம் போடுது, கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை" என்பார். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். மாமனாரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். கடுகு வேறு விஷயம்.

"அண்ணே, உள்ள எட்டிப் பாத்தீங்களா?" ஜன்னலுக்கு வெளியே நின்று சகலை கைகளைத் தட்டித் தூசி உதறினான். "அடியில மெத்தை, மேல கம்பளி, தலைக்குத் தனியா ஒரு குட்டித் தலையணை. எனக்குக் கல்யாணம் ஆனப்போகூட இப்படி ஒரு படுக்கை யாரும் போட்டுக் கொடுக்கல."

"நாய்க்கு எதுக்குப்பா தலையணை?"

"உங்களுக்கு எதுக்கு? அதுக்கும் சிரிப்பு வந்தா பிடிச்சுக்க வேணாமா?"

ஐஸ்பெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் சுரீர் என்று இழுத்தது. தலையணையை அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூக்கு வழியாகச் சிரித்தார். அந்தத் தலையணையும் சகலை கடையிலிருந்து வந்ததுதான். வலிக்க வைப்பவனும் அவன், வலிக்குப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தவனும் அவன். அவன் மேல் கோபப்பட ஒரு வழியும் இல்லை. அதுதான் பெரிய கோபம்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். கடுகு வந்து சகலையின் காலணி மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து, அவன் முழங்காலில் தன் முழு எடையையும் சாய்த்தது. நாய் தாவுவது யார் மேலும் தாவும். சாய்வது அப்படியல்ல. இது நாள் வரை அது அவர் ஒருவரிடம்தான் சாய்ந்திருந்தது.

பெட்டியில் இருந்த தப்புகளை அவர் முதல் பார்வையிலேயே எண்ணிவிட்டார். பெட்டி பெரியது. குளிர் அறைக்கு எந்திரம் வாங்கும்போது அறையின் அளவைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? இங்கே எந்திரம் நாய்தான். அதன் உடம்பு ஒன்றுதான் உள்ளே இருக்கும் சூட்டடுப்பு. அந்தச் சின்ன அடுப்பால் கிடங்கு மாதிரி இருக்கும் பெட்டியைச் சூடாக்க முடியாது. திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். அடுத்தது வாசல். தான் வருவது நாய்க்குத் தெரியட்டும் என்று சகலை தெருப்பக்கம் பார்த்து அகலமாக அறுத்திருந்தான். காற்று அடிப்பதும் அந்தப் பக்கம்தான். பெட்டி தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்து குளிர் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கம்பளிகள்.

சொல்லியிருந்தால் சகலை அந்த நிமிஷமே மாற்றியிருப்பான். அவன் வறட்டு கௌரவம் பார்ப்பவன் அல்ல. மாற்றிவிட்டு, "அண்ணன் சொன்னாரு, நான் செஞ்சேன்" என்று ஊரெல்லாம் சொல்வான். கடுகு கதகதப்பாகப் படுக்கும். அந்தக் கதகதப்போடு அதன் மூக்கில் ஏறப்போகும் வாசனை சகலையின் கை வாசனைதான். அதற்கு மேல் ஐஸ்பெட்டியால் யோசிக்க முடியவில்லை. கம்பளி நனையட்டும், அவன் சாயம் தானாக வெளுக்கட்டும், ஒரு ராத்திரியில் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் டாக்டரிடம் தையலைக் காட்டப் போனார்கள்.

"வயித்துல எரிச்சல் ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"அது நிறைய இருக்கு டாக்டர்," என்றாள் மனைவி. "ஆனா தையல் போட்ட இடத்துல இல்ல."

அன்று மதியம் வெயில் வந்தது. குளிர்காலத்து வெயிலை நம்பக்கூடாது. பனியைக் கொஞ்சம் இளக்கிச் சேறாக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஓடிப்போய்விடும். கடுகு அந்தச் சேற்றில் எல்லாம் திரிந்துவிட்டு நாலு கால் ஈரத்தோடும் மெத்தைக்குள் புகுந்தது. போதாததற்கு மூச்சு வேறு. மூச்சோடு நீராவியும்தான் வெளியே வருகிறது. குளிர்ந்த பலகையில் பட்டால் சொட்டும். காலையில் சகலை வந்து கம்பளியை வெளியே இழுத்தான். அது மடிந்த மடிப்பிலேயே விறைத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, இங்க பாருங்க, கம்பளி தானா எந்திரிச்சு நிக்குது." சுவரில் சாத்தி வைத்தான். நின்றது. "கடையில இதுக்கு ஆளு போடத் தேவையில்ல போல, அதுவே வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடும்."

ஐஸ்பெட்டி இந்த முறை சிரிக்கவில்லை. கடுகு பெட்டிக்கு வெளியே நின்றது. ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதை இறக்கி அடுத்ததைத் தூக்கும். தரை காலைக் கடிக்கிறது என்று அர்த்தம்.

சகலை புதிதாக இன்னும் கனமான கம்பளிகளைக் கொண்டுவந்து போட்டான். "இது நம்ம கடையிலயே உசத்தி" என்றான். ஐஸ்பெட்டி ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி வந்து, விறைத்து நின்ற கம்பளியையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"தண்ணி பாட்டில் வியர்க்கிறதுக்கு ஒரு மணி நேரம் பேசுற ஆளு நீங்க. உங்க கண்ணு முன்னால கம்பளி பலகை ஆகுது. ஒரு வார்த்தை பேசலையே, ஏன்?"

"என்னை யாரு கேட்டா?"

"உங்களை யாரு எப்ப கேட்டிருக்கா? கேக்காமதானே சொல்வீங்க."

அவர் தலையணையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் நல்லா செஞ்சா உங்களுக்குப் பொறுக்காது. உங்களால குனிஞ்சு செய்யவும் முடியாது. வைக்கோல் போர் நாய் மாதிரி, தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது. வெளிய இருக்கிற நாய் தேவலை."

ஐஸ்பெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டுக்காக அல்ல. கம்பளிக்குப் பதிலாகச் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையைத்தான் அவர் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தார்: வைக்கோல். இவள் ஒன்றும் தெரியாமல் அதையே எடுத்து முகத்தில் எறிகிறாளே.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் அவர் எழுந்தார். யாருக்கும் சொல்லாமல் தானே போய் அந்தக் கம்பளிகளை இழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு. அப்படிச் செய்தால் தப்பும் சரியாகும், பேரும் தனக்கே வரும். தலையணையை வயிற்றில் வைத்து, மனைவியின் பழைய சால்வையால் இறுக்கிக் கட்டினார். கண்ணாடியில் பார்த்தால் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசல் படியை இறங்கினார்.

கடுகு பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது, மூக்கை வாலுக்கடியில் செருகியபடி. கடையிலேயே உசத்தியான கம்பளியில் அது படுக்கவே இல்லை. அதன் முதுகில் நடுக்கம் அலை அலையாக ஓடியது. ஓடி நிற்கும், மறுபடி ஓடும். கால் விரல்களுக்கு நடுவே முடியோடு சேர்ந்து சின்னச் சின்ன ஐஸ் உருண்டைகள் கட்டியிருந்தன. மீன் கிடங்கில் அவர் பார்க்காத ஐஸ் இல்லை. இந்த ஐஸைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"டேய் கடுகு," என்றார்.

நாய் தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. இத்தனை நாள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் முழு ஆளாக வந்து நிற்கிறார். காதுகள் பின்னால் போயின. பின்னங்கால்கள் மடங்கின. அந்த மடக்கல் எதற்கென்று அவருக்குத் தெரியும். தாவப் போகிறது. ஓட முடியாது, குனிய முடியாது, திரும்பக்கூட முடியாது. இரண்டு கையாலும் தலையணையைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கடுகு அங்கே இல்லை. வேலி வாசலில் நின்று, சகலையின் ஸ்கூட்டருக்கு வாலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அவர் தையல் தப்பியது. எதனால் தப்பியது என்பதை நினைத்தபோது, பிரிந்து போயிருந்தாலே தேவலை என்று ஒரு நொடி தோன்றியது.

"அண்ணே, உங்களை யாரு வெளிய வரச் சொன்னது?" சகலை நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அக்காவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சு மெத்தை தைச்சிடுவாங்க."

"அதோட காலைப் பாரு."

சகலை குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. ஒரு பாதத்தை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மூடிக்கொண்டான்.

"இருக்கிறதுலயே நல்ல கம்பளிதானே அண்ணே போட்டேன்."

"கம்பளி எல்லாத்தையும் வெளிய எடு," என்றார் ஐஸ்பெட்டி. "மெத்தையையும்."

"அப்ப எதுல படுக்கும்?"

பூட்டு திறந்தது. "வைக்கோல்ல."

அதற்கப்புறம் அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. சகலை ஒரு நாற்காலியைப் பின்வாசலில் போட்டு, அவரை உட்காரவைத்து, காலில் ஒரு கம்பளியைச் சுற்றிவிட்டான். மனிதனுக்குக் கம்பளி சரி, ஏனென்றால் மனிதன் சேற்றுக் காலோடு படுக்கையில் ஏறுவதில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. பழ மண்டியில் பெட்டிகளுக்கு நடுவே வைக்கோல் வைத்துத்தான் அடுக்குவார்கள். மண்டிக்காரருக்கு ஒரு போன் போட்டார். சகலை ஸ்கூட்டரில் போய் இரண்டு சாக்கு நிறையக் கொண்டுவந்தான்.

"ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாரு. உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. குழாய் மாதிரி இருக்கு."

"அந்த ஒண்ணும் இல்லாததுதான் விஷயம். ஒவ்வொரு தாளும் ஒரு குழாய், உள்ள காத்து. வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கா? தண்ணி ஒட்டாது, இறங்கி அடியில போயிடும். நாய் உள்ள புகுந்து நாலு சுத்து சுத்தினா தன் அளவுக்குக் குழி பண்ணிக்கும். பசும்புல்லைக் காயவச்சது வேணாம், அது ஈரம் குடிக்கும். வைக்கோல்தான்."

"அப்ப எங்க தாத்தா காலத்து வைக்கோல் மெத்தையை விட்டுட்டு நான் பஞ்சை வித்துத் தொழிலைக் கெடுத்துட்டேனா?"

தலையணை. சிரிப்பு. வலி.

வேலை மதியம் வரை போனது. பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தான் சகலை. காற்றுக்கு முதுகைக் காட்டும்படி திருப்பினான். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைத்து இடத்தைப் பாதியாகக் குறைத்தான். பழைய பெரிய வாசலை அடைத்து, ஓரமாகச் சின்னதாய் ஒன்று அறுத்தான். நேராக வரும் காற்று படுக்கையில் விழாமல் பக்கச் சுவரில் முட்டட்டும் என்பதற்காக அப்படி. வேனில் கிடந்த பிளாஸ்டிக் பட்டைத் திரையை வெட்டி வாசலில் தொங்கவிட்டார்கள். குளிர் அறை வாசலில் குளிர் வெளியே போகாமல் நிற்பதற்காக அதைத் தொங்கவிடுவார்கள். இங்கே அதே திரை, தலைகீழ் வேலை. மேலே, கூரைக்கு அடியில், விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடச் சொன்னார்.

"கஷ்டப்பட்டு அடைச்சுட்டு, அப்புறம் எதுக்குண்ணே ஓட்டை?"

"மூச்சு ஈரம் போறதுக்கு. முழுசா அடைச்சா உள்ளயே மழை பெய்யும்."

சகலை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். "இவ்வளவும் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப முதல் நாளே ஏன் சொல்லல?"

நாய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. ஐஸ்பெட்டியின் முகம், அந்தப் பெயருக்கு ஏற்றபடி, அசையவில்லை.

"உன் காலணி மேல போய் உக்காந்துச்சு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

சகலை ஒரு கணம் விழித்தான். அப்புறம் வெடித்துச் சிரித்தான். "அண்ணே, நீங்க ஜோக்கடிச்சு இன்னைக்குத்தான் கேக்குறேன். நாய்க்காக சகலைங்களுக்குள்ள சண்டையா? வீட்ல சொன்னா நம்பவே மாட்டா." சிரித்துச் சிரித்து, வைக்கோல் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். உண்மையைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேராத நிம்மதியோடு ஐஸ்பெட்டியும் தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பொழுது சாயும் நேரம் தரை மறுபடி இறுகத் தொடங்கியது. மனைவி வேலையிலிருந்து வந்து, சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். கடுகு பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தது, பட்டைத் திரையை மூக்கால் முட்டியது, உள்ளே போயிற்று. வைக்கோல் சரசரவென்று நெடுநேரம் அசைந்தது. பிறகு ஓய்ந்தது. சகலை கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, அடுப்பு மாதிரி இருக்கு" என்றான். ஐஸ்பெட்டிக்குக் குனிய முடியாதே. மேலே போட்ட ஓட்டையில் விரலை வைத்தார். மெல்லிய வெதுவெதுப்பான காற்று விரலில் பட்டது. எந்திரம் ஓடுகிறது.

சகலை கிளம்பும்போது ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு நாய் வாசல் வரை வழியனுப்பப் பாயும். பெட்டிக்குள் ஓர் அசைவும் இல்லை. சகலை ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் இல்லை.

"என்னண்ணே, கண்டுக்கவே மாட்டேங்குது. கடுகு. டேய் கடு..."

"கூப்பிடாதே," என்றார் ஐஸ்பெட்டி. "ஒவ்வொரு தடவை வெளிய வரும்போதும் உள்ள சேர்ந்த சூடெல்லாம் கொட்டிப் போயிடும். மறுபடி முதல்ல இருந்து சேக்கணும். பாவம்."

"ஓ, அது வேற இருக்கா. சரிண்ணே." அவன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பி, சத்தம் தேயும் வரை அவர் காத்திருந்தார். சமையலறை ஜன்னலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு கூரை ஓட்டைக்கு நேராக நின்று, மெதுவாக, மிக மெதுவாக, "கடுகு" என்றார்.

உள்ளே வைக்கோல் அசைந்தது. வால்தான். இரண்டு முறை அடித்துவிட்டு நின்றுவிட்டது. நாய் வரவில்லை.

"நீங்க மட்டும் கூப்பிட்டா சூடு கொட்டாதோ?" என்றாள் மனைவி, ஜன்னலிலிருந்து.

அவர் திரும்பி, சால்வை முடிச்சைச் சரிசெய்துகொண்டார். "படு, படு," என்றார் பெட்டியைப் பார்த்து, தான் சொல்லித்தான் அது படுத்திருக்கிறது என்பது போல. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வீட்டுக்குள் ஏறினார்.